ஆண் ஹார்மோன் கூடினால் நினைவாற்றலும் கூடுமா?

வயதாக ஆக ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மெல்லக் குறைகிறது. வயதாக ஆகப் பலருக்கு நினைவாற்றலும் குறைகிறது. அப்படியானால், குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் நினைவாற்றல் திரும்பி வருமா?

மாணவர்களே, கேள்வி ஒரு வரிதான். ஆனால் இதற்கு நம்பத்தகுந்த பதில் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் மாறி, கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு ஆகியவை தேர்வுக்காக மட்டும் அல்ல என்பது புரியும்.

தனக்குத் தானே ஊசி போட்ட பேராசிரியர்

சார்ல்ஸ் பிரௌன்-செக்கார் 1817-இல் மொரிஷியஸ் தீவில் பிறந்தவர். முதுகுத்தண்டு நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றவர். முதுகுத்தண்டின் ஒரு பாதி மட்டும் சேதமடைந்தால் ஏற்படும் பாதிப்புக்கு இன்றும் மருத்துவ நூல்களில் அவருடைய பெயர்தான் இருக்கிறது.

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாரிஸ் நகரில் அறிவியலாளர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் அவர் ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 72. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து சாறு எடுத்துத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டதாகக் கூறினார். அதன் பிறகு கையின் பலம் கூடியதாம். மாடிப்படிகளை ஏறக்குறைய ஓடியே ஏற முடிந்ததாம். களைப்பில்லாமல் மூளை உழைப்பில் ஈடுபட முடிந்ததாம்.

செய்தி வேகமாகப் பரவியது. பல நாடுகளில் இந்தச் சாற்றை இளமை தரும் மருந்து என்று விற்கத் தொடங்கினார்கள்.

2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் எழுதி வைத்த முறையிலேயே அந்தச் சாற்றைத் தயாரித்து அளந்து பார்த்தார்கள். அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் மிகமிகச் சொற்பம். உடலில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தப் போதாத அளவு. காரணம் எளிது. விரைகள் இந்த ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை, உற்பத்தியானதும் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. மேலும், டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும் பொருள். தண்ணீர் சேர்த்துச் சாறு எடுத்தால் பெரிதாக எதுவும் வராது.

அப்படியானால் பேராசிரியர் பொய் சொன்னாரா? இல்லை. பலன் கிடைக்கும் என்று உறுதியாக எதிர்பார்த்தார், எதிர்பார்த்ததையே உணர்ந்தார். மருந்து எதுவும் இல்லாத மாத்திரையை மருந்து என்று சொல்லிக் கொடுத்தாலும் சிலர் தேறிவிட்டதாக உணர்வார்கள். இதை மருந்துப்போலி விளைவு என்கிறோம். அவருடைய சோதனையில் ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறொருவர் இல்லை. ஊசியில் இருப்பது என்ன என்பதும் அவருக்குத் தெரியும். இந்த மூன்று குறைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது?

உண்மையான ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1935-இல் நடந்தது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் எர்ன்ஸ்ட் லாக்குவர் தலைமையிலான குழு, ஏறத்தாழ 100 கிலோகிராம் காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் அடால்ஃப் புட்டெனாண்ட், லியோபோல்ட் ருசிச்கா ஆகிய இருவரும் அதை வேதியியல் முறையில் தயாரித்துக் காட்டினார்கள். பாலின ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காகப் புட்டெனாண்டுக்கும், வேறு கரிமச் சேர்மங்கள் பற்றிய ஆய்வுக்காக ருசிச்காவுக்கும் 1939-இன் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நம் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஒரு சங்கிலித் தொடரால் கட்டுப்படுத்தப்படுகிறது. மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரந்து விரைகளுக்குக் கட்டளையிடுகிறது. விரைகளில் உள்ள லெய்டிக் உயிரணுக்கள் டெஸ்டோஸ்டிரோனை உற்பத்தி செய்கின்றன. இரத்தத்தில் அளவு போதுமான நிலைக்கு வந்ததும் மூளை கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. அறை குளிர்ந்ததும் குளிர்சாதனம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது போலத்தான் இதுவும். உயிரியலில் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்போம். பெண்களின் உடலிலும் சூலகங்களும் அட்ரினல் சுரப்பிகளும் சிறிதளவு டெஸ்டோஸ்டிரோனை உற்பத்தி செய்கின்றன.

இரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே எதனோடும் ஒட்டாமல் தனித்திருக்கிறது. இதுவே எளிதில் உயிரணுக்களுக்குள் நுழையும். ஆண்களுக்கு முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு என்ற கணக்கில் குறைகிறது; அதிலும் தனித்திருக்கும் பகுதி இன்னும் வேகமாகக் குறைகிறது.

சரி, இதற்கும் நினைவாற்றலுக்கும் என்ன தொடர்பு? மூன்று காரணங்களால் விஞ்ஞானிகள் ஒரு தொடர்பைச் சந்தேகித்தார்கள்.

முதலாவது, கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகச் செல்கிறது.

இரண்டாவது, புதிய நினைவுகளைப் பதிவு செய்ய உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டு இருந்தால் சாவிக்கு அங்கே ஏதோ வேலை இருக்க வேண்டும் அல்லவா? அதோடு, மூளையில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரடையோலாக, அதாவது பெண்களுக்கு உரியது என்று நாம் நினைக்கும் ஹார்மோனாக, மாற்றுகிறது. அதுவும் நரம்பணுக்கள் மீது செயல்படுகிறது.

மூன்றாவது, எலிகளில் செய்த சோதனைகள். விரைகள் அகற்றப்பட்ட ஆண் எலிகளின் ஹிப்போகேம்பஸில், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் நுண்ணிய முட்கள் குறைந்தன. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் அவை மீண்டும் கூடின.

கருதுகோள் வலுவாகவே இருந்தது. ஆனால் கருதுகோள் என்பது முடிவு அல்ல.

பால்டிமோர் தந்த தடயம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958-இல் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, மூப்பு அடைவது எப்படி என்று உற்றறியும் ஆய்வு அது. இன்றும் அது நடக்கிறது.

அதில் பங்கேற்ற, 50 முதல் 91 வயது வரையிலான 407 ஆண்களைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் கண்காணித்த முடிவுகள் 2002-இல் வெளியாயின. தனித்திருக்கும் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தவர்கள் நினைவுச் சோதனைகளில் நன்றாகச் செய்திருந்தார்கள். 2004-இல் இன்னொரு முடிவு வந்தது. 574 ஆண்களைச் சராசரியாக 19 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், பிற்காலத்தில் அல்சைமர் நோய் வந்தவர்களுக்கு அந்த நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனித்திருக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது தெரிய வந்தது.

இதைப் படித்ததும், ‘அப்படியென்றால் ஹார்மோனைக் கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ஓர் ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை எல்லா மாணவர்களின் காலணி அளவையும், வாசிப்புத் திறனையும் அளந்து பாருங்கள். பெரிய காலணி அணியும் பிள்ளைகள் நன்றாக வாசிப்பார்கள். அதற்காக முதலாம் ஆண்டு மாணவனுக்குப் பெரிய காலணி வாங்கிக் கொடுத்தால் வாசிப்பு வந்துவிடுமா? வராது. காலணி அளவையும் வாசிப்பையும் சேர்த்து வளர்ப்பது வயது என்ற மூன்றாவது காரணி.

டெஸ்டோஸ்டிரோன் கதையிலும் அப்படிப்பட்ட காரணிகள் உண்டு. உடல் பருமன், நீரிழிவு, தூக்கக் குறைவு, நாள்பட்ட நோய்கள் ஆகியவை டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். இவையே நினைவாற்றலையும் பாதிக்கும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. மூளையில் மெல்லத் தொடங்கும் நோயே ஹார்மோன் கட்டளைச் சங்கிலியைப் பாதித்து, டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்திருக்கலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுவதை மட்டும் வைத்து, எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது. அதற்குச் சோதனைதான் வழி.

சிறிய சோதனைகள், முரண்பட்ட முடிவுகள்

2001-இல் அமெரிக்காவில், 50 முதல் 80 வயது வரையிலான ஆரோக்கியமான 25 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஆறு வாரம் ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களுக்கு இடம், திசை சார்ந்த நினைவும் சொற்களை நினைவுகூரும் திறனும் மேம்பட்டன. 2008-இல் நெதர்லாந்தில், 60 முதல் 80 வயது வரையிலான 237 ஆண்களிடம் ஆறு மாதச் சோதனை ஒன்று நடந்தது. அதில் தசை எடை கூடியது. சிந்திக்கும் திறனிலோ நினைவாற்றலிலோ மாற்றம் இல்லை.

எதை நம்புவது? பங்கேற்பாளர்கள் சிலர் மட்டுமே என்றால், தற்செயலான ஏற்றத்தாழ்வே பெரிய பலன் போலத் தெரியக்கூடும். நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழலாம். நானூறு முறையும் தலையாகவே விழாது. எனவே பெரிய சோதனை ஒன்று தேவைப்பட்டது.

493 ஆண்கள், ஓர் ஆண்டு

அந்தச் சோதனையை அமெரிக்காவில் 12 மருத்துவ ஆய்வு மையங்கள் சேர்ந்து நடத்தின. பங்கேற்பாளர்களுக்கு வயது 65 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 275 நானோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். அதனால் காலை வேளையில்தான் இரத்தம் எடுத்தார்கள். 51,085 ஆண்களைப் பரிசீலித்து, நிபந்தனைகளுக்குப் பொருந்திய 790 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 493 பேருக்கு வயது சார்ந்த நினைவுக் குறைவு இருந்தது. நினைவாற்றல் பற்றிய முக்கிய ஆய்வு இவர்களை வைத்துத்தான் நடந்தது.

குலுக்கல் முறையில் இவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 247 பேருக்குத் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல். 246 பேருக்கு அதே போல் தோன்றும், ஹார்மோன் இல்லாத மருந்துப்போலி ஜெல். யாருக்கு எது என்பது தடவுகிறவருக்கும் தெரியாது, நினைவுச் சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. ஹார்மோன் பெறும் ஒருவருக்கு அளவை மாற்ற வேண்டி வந்தால், மருந்துப்போலி பெறும் ஒருவருக்கும் மாற்றினார்கள். ‘எனக்கு அளவை மாற்றினார்கள், ஆகவே இது உண்மையான மருந்துதான்’ என்று யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

பிரௌன்-செக்காரின் மூன்று குறைகளும் இங்கே சரி செய்யப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது மாறிகளைப் பார்ப்போம். ஜெல்லில் ஹார்மோன் இருக்கிறதா இல்லையா என்பது தற்சார்பு மாறி. நினைவுச் சோதனையில் எடுக்கும் புள்ளி சார்பு மாறி. சோதனை முறையும் கால அளவும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவு பீக்கர்களை எடுத்து வைப்பது போல, ஒரே மாதிரியான 493 மனிதர்களைக் கொண்டுவர முடியாதே! ஒருவர் நிறையப் படித்தவர், இன்னொருவருக்கு நீரிழிவு, வேறொருவர் சரியாகத் தூங்காதவர். குலுக்கல் முறையில் பிரிப்பது இதற்காகத்தான். இப்படிப்பட்ட வேறுபாடுகள் இரண்டு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும்.

நினைவை எப்படி அளந்தார்கள்? சிறு கதைப் பத்திகளை வாசித்துக் காட்டுவார்கள். சிறிது நேரம் கழித்து, நினைவில் உள்ளதைச் சொல்லச் சொல்வார்கள். சரியாகச் சொன்ன விவரங்களுக்குப் புள்ளி. அதிகபட்சம் 50.

டெஸ்டோஸ்டிரோன் குழுவின் சராசரி தொடக்கத்தில் 14.0. ஆறாம் மாதம் 16.0. பன்னிரண்டாம் மாதம் 16.2.

முன்னேற்றம் தெரிகிறது அல்லவா? இந்தக் குழுவை மட்டும் சோதித்திருந்தால், ‘ஹார்மோன் ஜெல் நினைவாற்றலை வளர்க்கிறது’ என்று தலைப்புச் செய்தியே வந்திருக்கும். இப்போது மருந்துப்போலி குழுவைப் பாருங்கள். தொடக்கத்தில் 14.4. ஆறாம் மாதம் 16.0. பன்னிரண்டாம் மாதம் 16.5.

ஹார்மோன் இல்லாத ஜெல்லைத் தடவியவர்களும் அதே அளவு முன்னேறியிருக்கிறார்கள்! கணக்கிட்டுப் பார்த்ததில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. காட்சி நினைவு, இடம் சார்ந்த திறன், திட்டமிட்டுச் செயல்படும் திறன் ஆகியவற்றிலும் அதே முடிவுதான். 2017-இல் இந்த முடிவு வெளியானது.

இருவருக்கும் புள்ளி ஏன் கூடியது? ஒரே வகைச் சோதனையை மறுபடி மறுபடி எழுதினால் பழகிவிடும். முந்தைய ஆண்டுத் தேர்வுத் தாள்களைச் செய்து பார்த்த பிறகு உங்கள் மதிப்பெண் கூடுவதில்லையா, அது போல. இதைப் பயிற்சி விளைவு என்பார்கள். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மருந்துப்போலி குழுதான்.

வேறு என்ன தெரிந்தது?

அதே சோதனைத் தொடரில் வேறு சில விஷயங்களையும் அளந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களின் எலும்பு அடர்த்தி கூடியது. இரத்தசோகை இருந்தவர்களில் பலருக்கு ஹீமோகுளோபின் உயர்ந்தது. ஆக, ஜெல் வேலை செய்யாமல் இல்லை. உடலுக்குள் சென்று, செயல்பட்டிருக்கிறது. நினைவாற்றலில் மட்டும் பலன் தரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 138 பேரின் இதயத் தமனிகளைப் படம் பிடித்துப் பார்த்ததில், ஹார்மோன் பெற்றவர்களின் தமனிச் சுவரில் படிவு கூடுதலாக வளர்ந்திருந்தது. பின்னர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. அவர்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடும் இதய நோய் ஆபத்தும் உள்ளவர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் ஹார்மோன் குழுவில் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பு, நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஹார்மோன் குழுவில் சற்று அதிகமாகக் காணப்பட்டன.

2017 ஆய்வின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது ஓர் ஆண்டு நடந்தது. பங்கேற்றவர்களுக்கு மறதி இருந்தது, மறதி நோய் இல்லை. ஆகவே அது சொல்வது இதுதான்: டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, வயதான ஆண்களுக்கு ஓர் ஆண்டு ஹார்மோன் கொடுப்பதால் நினைவாற்றல் மேம்படுவதில்லை. இதற்கு மேல் நீட்டிச் சொன்னால் அது நம் கற்பனை.

உங்கள் வீட்டுக்கு என்ன பயன்?

‘ஆண்மைக்கும் ஞாபகசக்திக்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளும் பொடிகளும் கைப்பேசியில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பொருளின் மேல் பதிவெண் இருந்தால், அது அதிகாரிகளிடம் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். நினைவாற்றலை வளர்க்கும் என்று நிரூபிக்கப்பட்டதாகப் பொருள் அல்ல. தாத்தா அப்படி ஒன்றை வாங்க நினைத்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். மறதியைக் கண்டு அவர் பயந்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘தாத்தா, முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்’ என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரி செய்ய முடியும். காது சரியாகக் கேட்காதவர் சொன்னதை மறந்துவிட்டதாக நாம் நினைப்பதும் உண்டு. உண்மையில் அது அவர் காதிலேயே விழுந்திருக்காது. டெஸ்டோஸ்டிரோன் என்று எண்ணிக் கடையில் வாங்கிய ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்டு மாதங்களைக் கழித்தால், உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் வீணாகிவிடும்.

மூளைக்கு உதவும் வழி எதுவும் இல்லையா? இருக்கிறது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் இரண்டு ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவினருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். 2015-இல் முடிவு வந்தது. இரண்டு குழுக்களும் முன்னேறின. முதல் குழு கூடுதலாக முன்னேறியது. இந்த ‘கூடுதலாக’ என்ற சொல்தான் முக்கியம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வயதினருக்கும் ஒரு வார்த்தை. தசை வளர்ப்பதற்காக டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதைப் போன்ற ஸ்டீராய்டுகளை எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மேலே படித்த எதிர்மறைப் பின்னூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை ‘போதும்’ என்று கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும். ஊசியை நிறுத்திய பிறகும் உடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். இது மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் தொடவே கூடாத மருந்து.

சொல் அறிவோம்

மருந்துப்போலி: மருந்து போலவே தோன்றும், ஆனால் மருந்துப் பொருள் இல்லாத மாத்திரை, ஊசி அல்லது ஜெல்.

எதிர்மறைப் பின்னூட்டம்: ஒரு பொருளின் அளவு கூடியதும் அதன் உற்பத்தியை உடலே குறைத்துக்கொள்ளும் முறை.

பயிற்சி விளைவு: ஒரே வகைச் சோதனையை மீண்டும் செய்வதால் மட்டுமே ஏற்படும் முன்னேற்றம்.

ஹிப்போகேம்பஸ்: புதிய நினைவுகள் உருவாக உதவும் மூளைப் பகுதி.

சிந்தித்து எழுதுவோம்

1. ஒரு நிறுவனம், ‘எங்கள் பானத்தை மூன்று மாதம் குடித்த 30 மாணவர்களின் நினைவுப் புள்ளி 14-இலிருந்து 16-ஆக உயர்ந்தது’ என்று விளம்பரம் செய்கிறது. இந்தச் சோதனையில் விடுபட்டிருப்பது என்ன?

2. டெஸ்டோஸ்டிரோன் அளவை அறிய மாலையில் இரத்தம் எடுத்தால் என்ன தவறு நேரலாம்?

3. உங்கள் வகுப்பில் ‘காலை உணவு நினைவாற்றலை மேம்படுத்தும்’ என்ற கருதுகோளைச் சோதிக்க வேண்டும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைக் குறிப்பிடுக. மாணவர்களை எப்படி இரண்டு குழுக்களாகப் பிரிப்பீர்கள்? பயிற்சி விளைவை எப்படிச் சமாளிப்பீர்கள்?